குடியிருப்போர் உரிமையும் கடமையும்

வீடு என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் மட்டும் அன்று. பருக நீரும், இருள் நீக்க ஒளியும், கழிவு அகல வழியும் அமைந்தபோதுதான் அது மக்கள் வாழும் மனை என்னும் பெயருக்குத் தகுதி பெறுகின்றது. முற்காலத்தில் இவையெல்லாம் பெரும்பாலும் வீட்டாருடைய கைக்கு எட்டிய இடத்திலேயே இருந்தன. கொல்லையில் கிணறு இருந்தது. மாடத்தில் அகல் இருந்தது. கயிறு அறுந்தால் வேறு கயிறு பூட்டினர். திரி கருகினால் புதுத்திரி இட்டனர். இக்காலத்திலோ நீர், பல கல் தொலைவிலுள்ள ஏரியிலிருந்து குழாய் வழியே வருகின்றது. ஒளி, எங்கோ உள்ள மின்னிலையத்திலிருந்து கம்பி வழியே வருகின்றது. வசதி பெருகிற்று, அதனோடு பிறரைச் சார்ந்து நிற்கும் நிலையும் பெருகிற்று.

சொந்த வீட்டில் வாழ்பவர், நீருக்கும் மின்சாரத்துக்கும் அவற்றை வழங்கும் நிறுவனங்களைச் சார்ந்துள்ளார். வாடகை வீட்டில் வாழ்பவரோ அந்நிறுவனங்களையும் சார்ந்துள்ளார், வீட்டுக்குரியவரையும் சார்ந்துள்ளார். ஆதலின், ஒரு நாள் குழாயில் நீர் வாராது போயினும், விளக்கு எரியாது போயினும், அவர் உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழுகின்றன. இக்குறை யாரால் நேர்ந்தது? இதனை நீக்க வேண்டியவர் யார்? நீங்கும் வரையில் செய்யத் தக்கது யாது, தகாதது யாது? இவ்வினாக்களுக்கு விடை அறியாமையால், ஒரு பொழுதில் தீரவேண்டிய குறை பல ஆண்டு வழக்காக வளர்தலும் உண்டு. ஆகவே, இவற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் நகரங்களில் வாழ்வோர் அனைவர்க்கும் வேண்டற்பாலது.

இன்றியமையாத பணிகள்

ஒரு நகரத்தில் வாடகை வீடு ஒன்றில் வாழும் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அவ்வீட்டில் நீரிழிவு நோயுற்ற மூதாட்டி ஒருவர் இருக்கின்றார். அவருக்கு நாள்தோறும் இன்சுலின் மருந்து செலுத்த வேண்டும். திறவாத மருந்துக் குப்பிகளைக் குளிர்ந்த இடத்தில் வைத்துக் காத்தல் வேண்டும். அவருடைய பெயர்த்தி பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கின்றாள். சித்திரைக் கோடையில் அவ்வீட்டில் இரண்டு நாள் மின்சாரம் இல்லையெனின் நிகழ்வது யாது? மருந்து கெடுகின்றது, படிப்புத் தடைப்படுகின்றது. மோட்டார் இயங்காமையால் மேல்தொட்டியில் நீரும் வற்றுகின்றது. நீர் வற்றவே கழிப்பறையும் பயனற்றதாகின்றது. ஒன்று நின்றால் மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடுகின்றன. இதனாலேயே நீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, துப்புரவு வசதி முதலியவற்றை இன்றியமையாத பணிகள் எனச் சட்டம் சிறப்பாகப் பிரித்துக் கூறுகின்றது. வண்ணம் மங்கிய சுவருடன் ஓராண்டு வாழலாம். நீர் இல்லாத வீட்டில் ஒரு நாள் வாழ்தலும் அரிது.

குறை பிறக்கும் இடம்

குறை நேர்ந்தவுடன் சினம் கொள்ளுதல் எளிது. காரணம் காணுதலே அறிவுடைமை. மின்சாரமோ நீரோ தடைப்படுவதற்குரிய காரணங்கள் நான்கு வகைப்படும். வெளியில் பிறப்பது ஒன்று. வீட்டின் அமைப்பில் பிறப்பது ஒன்று. புழங்கும் பொருளில் பிறப்பது ஒன்று. மனிதர் மனத்தில் பிறப்பது மற்றொன்று.

விளக்கு அணைந்ததும் முதலில் தெருவைப் பார்த்தல் வேண்டும். தெருவிளக்கும் அண்டை வீட்டு விளக்குகளும் அணைந்திருப்பின், குறை வெளியில் உள்ளது. அதற்கு வீட்டுக்குரியவரைக் கடிந்து பயனில்லை. மின் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்துக் காத்திருத்தலே முறை. தமிழ்நாட்டில் இத்தகைய முறையீடுகளைப் பெறுவதற்கென ‘மின்னகம்’ என்னும் அமைப்பு 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களைத் தாக்கியபோதும் பல்லாயிரம் மின்கம்பங்கள் வீழ்ந்தன. அண்டை மாநிலத்துத் தொழிலாளர்களும் வந்து, சேற்றிலும் மழையிலும் நின்று, கம்பங்களை நட்டுக் கம்பிகளை இழுத்தனர். அத்தகைய காலங்களில் சில ஊர்கள் பல நாள் இருளில் கிடத்தல் நேரும். அப்போது வேண்டுவது பொறுமையும் அண்டையாரோடு பகிர்ந்து வாழும் பண்பும் ஆகும்.

பிற வீடுகளில் ஒளி இருக்க, ஒரு வீட்டில் மட்டும் இருள் சூழ்ந்திருப்பின், குறை அவ்வீட்டுக்கு உரியது. மீட்டர்ப் பெட்டியின் அருகிலோ, சுவருக்குள் செல்லும் பழைய கம்பிகளிலோ அஃது இருக்கலாம். ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியவில்லையெனின், அவ்வறையின் விசையோ விளக்கோ பழுதுற்றிருக்கலாம். நீருக்கும் இம்முறையே பொருந்தும். தெருக்குழாயிலும் நீர் இல்லையெனின் குறை வெளியில் உள்ளது. தெருக்குழாயில் நீர் இருந்து வீட்டுத் தொட்டிக்கு ஏறவில்லையெனின் மோட்டாரிலோ குழாயிலோ உள்ளது. தொட்டி நிறைந்திருந்தும் ஒரு குழாயில் மட்டும் நீர் சொட்டவில்லையெனின் அக்குழாயில் உள்ளது. இவ்வாறு படிப்படியாக ஆராய்ந்தால், குறை உள்ள இடம் விளங்கும். இடம் விளங்கினால், அதற்குப் பொறுப்புடையவர் யார் என்பதும் விளங்கும்.

பழுது நீக்கும் பொறுப்பு

தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் வாடகை வீடுகளைப் பற்றிய சட்டம் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று, 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்பது அதன் பெயரின் பொருள். உரிமை ஒருவர்க்கும் பொறுப்பு மற்றொருவர்க்கும் எனப் பிரிக்காது, இரண்டனையும் இருவர்க்கும் சேர்த்தே அப்பெயர் கூறுதல் நோக்கத் தக்கது.

பழுதுகளுள் எவற்றை யார் நீக்குதல் வேண்டும் என்பதனை அச்சட்டத்தின் அட்டவணை ஒன்று வகுத்துரைக்கின்றது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகளை நீக்குதல், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சாளரங்களுக்கு வண்ணம் பூசுதல், தேவையானபோது நீர்க்குழாய்களை மாற்றுதல், வீட்டின் உள்ளும் புறமும் உள்ள மின்கம்பிகளைச் செப்பஞ்செய்தல் என்பன உடையவரின் பொறுப்பு. குழாய்த் திருகையும் அதன் வாசரையும் மாற்றுதல், சாக்கடையைத் தூய்மை செய்தல், கழிப்பறைத் தொட்டி, கைகழுவும் தொட்டி ஆகியவற்றின் பழுதை நீக்குதல், மின்விசைகளையும் செருகு குழிகளையும் சீராக்குதல் என்பன குடியிருப்பவரின் பொறுப்பு. இருவரும் வேறுவகையாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருப்பின் அவ்வொப்பந்தத்தை நோக்குதல் வேண்டும்.

இப்பிரிவினையின் உட்கருத்து எளிதில் விளங்கத் தக்கது. நெடுநாள் நிலைத்து நின்று வீட்டோடு ஒன்றாய்ப் போவன உடையவரைச் சார்ந்தன. நாள்தோறும் கைபட்டுத் தேய்வன புழங்குபவரைச் சார்ந்தன. சுவருக்குள் ஓடும் கம்பி குடியிருப்பவர் சென்ற பின்னும் அங்கேயே இருக்கும். ஆதலின் அதனை உடையவர் பேணுதல் முறை. குழாயின் வாசர் தேய்ந்தது குடியிருப்பவரின் கைபட்டதனால்; ஆதலின் அதனை அவர் மாற்றுதல் முறை. குடியிருப்பவர் தம் கவனக்குறைவால் விளைத்த கேட்டுக்கு உடையவரைப் பொறுப்பாக்குதல் நேர்மை ஆகாது.

ஒருவர் தமக்குரிய வேலையைச் செய்யாது காலங்கடத்தினால் என் செய்வது? முறையாக அறிவித்தும் உடையவர் பழுது நீக்க மறுப்பாராயின், குடியிருப்பவர் அதனைச் செய்வித்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. அவ்வாறே குடியிருப்பவர் தம் பங்கைச் செய்ய மறுப்பாராயின், உடையவர் அதனைச் செய்வித்து முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். எனினும் இது மனம்போன போக்கில் செய்யத் தக்கது அன்று. எழுத்து வழியாக அறிவித்தலும், வேலைக்குரிய ரசீதைக் காட்டுதலும், தக்க அளவு மட்டுமே கழித்தலும் இன்றியமையாதன.

வேண்டுமென்றே துண்டித்தல்

இனி, மனிதர் மனத்தில் பிறக்கும் குறையை நோக்கலாம். உடையவர்க்கும் குடியிருப்பவர்க்கும் வாடகையை உயர்த்துவது பற்றியோ, வீட்டைக் காலி செய்வது பற்றியோ வேறுபாடு தோன்றுகின்றது. மாலையில் மோட்டார் அறை பூட்டப்படுகின்றது; அல்லது கீழ்வீட்டுக்குச் செல்லும் மின்கம்பியின் பியூஸ் கட்டை கழற்றப்படுகின்றது. “வீட்டைக் காலி செய்யுங்கள், நீர் தானே வரும்” என்னும் விடை வருகின்றது. வழக்குமன்றம் செல்லாமலே குடியிருப்பவரைத் துரத்த எண்ணுவோர் மேற்கொள்ளும் வழி இது.

இது பழமையான தீங்கு. இதனைத் தடுக்கும் சட்டமும் பழமையானதே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை முதலிய நகரங்களில் மக்கள் பெருகி வீடுகள் அரியவாயின. வாடகையைக் கட்டுப்படுத்தவும், முறையின்றி வெளியேற்றுதலைத் தடுக்கவும் 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தக்க காரணம் இன்றிக் குடியிருப்பவர் துய்த்துவரும் வசதிகளைத் துண்டித்தலோ நிறுத்திவைத்தலோ கூடாது என உடையவரைத் தடுத்தது. அச்சட்டம் நீங்கிப் புதிய சட்டம் வந்த பின்னும் இவ்வறம் நீங்கவில்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இன்றியமையாத பணிகளை நிறுத்திவைத்தலைத் தடுக்கின்றது. உடையவர் தாமே செய்தலும் கூடாது. பிறரைக் கொண்டு செய்வித்தலும் கூடாது.

அவ்வாறு எவரேனும் செய்தால், குடியிருப்பவர் வாடகை தொடர்பாக அச்சட்டம் அமைத்துள்ள அதிகார அமைப்பினிடம் விண்ணப்பிக்கலாம். விசாரணை முடியும் வரையில் மக்கள் நீரும் ஒளியும் இன்றித் தவித்தல் கூடாது அன்றோ? ஆதலின், நிறுத்திய பணியை உடனே மீண்டும் வழங்குமாறு இடைக்கால ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அவ்வமைப்புக்கு உண்டு. முதலில் நீர் வரும். பின்னர் வழக்கு நடக்கும். சட்டத்தின் இரக்கம் இவ்வரிசையில் புலனாகின்றது.

உடையவர்க்கு வாடகை நிலுவை இருப்பினும், குடியிருப்பவர் மீது வேறு குறைகள் இருப்பினும், அவற்றுக்குச் சட்டம் தனிவழி காட்டியுள்ளது. அவர் அவ்வழியே செல்லலாம். குழாயை அடைத்து முறை தேடுதல் ஆகாது. தண்டனை எனத் தொடங்குவது குற்றம் செய்தவரை மட்டும் தாக்குவதில்லை. நோயுற்ற மூதாட்டியையும், தேர்வுக்குப் படிக்கும் சிறுமியையும், தொட்டிலில் உறங்கும் குழந்தையையும் அஃது ஒருசேரத் தாக்குகின்றது.

மின்சாரம் பற்றிய தனி உரிமை

மின்சாரத்தைப் பற்றி 2003-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம் மேலும் சில உரிமைகளை வழங்குகின்றது. இது நகரம், சிற்றூர் என்னும் வேறுபாடு இன்றிப் பொருந்தும். மின் இணைப்பு வேண்டி வீட்டுக்குரியவர் விண்ணப்பித்தாலும், அதில் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்பு வழங்குதல் மின் வழங்கும் நிறுவனத்தின் கடமை என அதன் 43-ஆம் பிரிவு கூறுகின்றது. வீட்டுக்குரியவர் இசைவுச் சீட்டுத் தரவில்லை என்னும் காரணத்தால் குடியிருப்பவர்க்கு மின்சாரத்தை மறுத்தல் கூடாது என்றும், மின்சாரம் எவரிடமிருந்தும் பறிக்கலாகாத அடிப்படை வசதி என்றும் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று.

கட்டணம் செலுத்தாதபோது இணைப்பைத் துண்டிக்கும் உரிமை மின் வழங்கும் நிறுவனத்துக்கு உண்டு. அவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. 15 நாளுக்குக் குறையாத முன்னறிவிப்பை எழுத்தில் தந்த பின்னரே துண்டித்தல் வேண்டும். கணக்கில் தவறு இருப்பதாகக் கருதுபவர், எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே, கேட்ட தொகையையோ முந்தைய 6 மாத சராசரிக் கட்டணத்தையோ, இரண்டனுள் குறைந்ததைச் செலுத்தினால், வழக்கு முடியும் வரையில் துண்டித்தல் கூடாது. குறை தீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் உள்ளனர்.

வாடகை வீடுகளில் மீட்டர் பெரும்பாலும் உடையவர் பெயரிலேயே இருக்கும். குடியிருப்பவர் மாதந்தோறும் மின்கட்டணத்தை உடையவர் கையில் தந்திருப்பார். உடையவர் அதனைச் செலுத்த மறந்திருப்பார். இணைப்புத் துண்டிக்கப்படும் நாளில் பணம் தந்தவர் இருளில் இருப்பார். இத்துன்பம் நேராதிருக்க, கட்டணச் சீட்டைக் கேட்டுப் பார்த்தலும், தாமே நேரில் கட்டணம் செலுத்தி ரசீதைப் பாதுகாத்தலும் நன்று. அதனை ஐயப்பாடு எனக் கருதி உடையவர் வருந்துதல் வேண்டா. கணக்குத் தெளிவாக உள்ள இடத்தில் நட்பும் நீடிக்கும்.

குடியிருப்போர் கடமைகள்

உரிமை கேட்கும் நாவுக்குக் கடமையைச் செய்யும் கை துணையாதல் வேண்டும். குடியிருப்பவரின் முதற்கடமை உரிய நாளில் வாடகை தருதல். நீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று சினந்து வாடகையை முழுதும் நிறுத்திவிடுதல் பலரும் செய்யும் பிழை. வாடகை நிலுவையே வீட்டைக் காலி செய்விக்கும் காரணமாகலாம்; நீதி தம் பக்கம் இருந்தும் அவர் தோற்றுவிடுவார். உடையவர் வாடகையை வாங்க மறுத்தால், அதனைச் செலுத்துதற்கும் சட்டம் வழி வகுத்துள்ளது. தந்த வாடகைக்கு ரசீது பெறுதல் அவர் உரிமை.

இரண்டாவது கடமை, குறையைக் காலத்தில் அறிவித்தல். சுவரில் கைவைத்தால் மின்னதிர்ச்சி தோன்றுகின்றது. மீட்டர்ப் பெட்டியில் கருகிய நாற்றம் வருகின்றது. கூரையில் நீர் கசிகின்றது. இவற்றைக் கண்டும் வீடு தமதன்று என வாளா இருத்தல் தகாது. வீடு உடையவருடையது, உயிர் தம்முடையது. நேரில் கூறியதனோடு, நாளும் குறையும் குறித்து எழுத்திலும் அறிவித்தல் வேண்டும். அறிவிக்கும் முறையும் இனியதாக இருத்தல் வேண்டும். “அம்மா, நேற்று மாலை முதல் குளியலறைச் சுவரில் மின்னதிர்ச்சி தோன்றுகின்றது. வீட்டில் குழந்தைகள் இருக்கின்றனர். இன்றே மின்பணியாளரை வரவழைக்க வேண்டுகின்றேன்” என்று கூறுபவர், கதவைத் தட்டிக் கூச்சலிடுபவரினும் விரைவில் பயன் பெறுவார்.

மூன்றாவது கடமை, பழுது பார்க்க வருபவர்க்கு வழிவிடுதல். உடையவர் விரும்பிய போதெல்லாம் வீட்டினுள் நுழைதல் ஆகாது. 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தல் வேண்டும். அவ்வாறு அறிவித்து வந்தவரைத் தடுத்தலும் ஆகாது.

நான்காவது கடமை, தகாத வழியில் தாமே சீராக்க முயலாமை. பியூஸ் கம்பி உருகுவது வீட்டைக் காப்பதற்காக. அது அடிக்கடி உருகுகின்றது என்று தடித்த கம்பியைப் பூட்டுவோர், வீட்டைக் காக்கும் காவலனைக் கட்டிவைத்துவிட்டுத் தீயை வரவேற்பவர் ஆவர். தெருக்கம்பியில் கொக்கி இட்டு மின்சாரம் எடுத்தல் திருட்டு. 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விளைக்கக் கூடியது. ஜெனரேட்டரை வீட்டுக் கம்பியோடு முறையின்றி இணைத்தால், மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, தெருக்கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கும். ஊரார்க்கு ஒளி தருவதற்காகக் கம்பம் ஏறியவர் ஒருவருடைய அவசரத்தால் மாளுதல் கொடுமை அன்றோ? அறுந்து வீழ்ந்த கம்பியைக் கண்டால் விலகி நின்று, பிறரையும் விலக்கி, மின் அலுவலகத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

நீர் அருகிய காலம்

நீரைப் பொறுத்தவரை, உடையவரும் குடியிருப்பவரும் ஒரே தொட்டியைச் சார்ந்தவர்கள். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தொடர்வண்டி சென்னை வந்தடைந்தது. தெருக்களில் வண்ண வண்ணக் குடங்கள் வரிசையாக நின்றன. அக்காலத்தில் மாடி வீட்டார், கீழ்வீட்டார், உடையவர், குடியிருப்பவர் என்னும் வேறுபாடு குடத்துக்கு இல்லை.

வெளியில் நீரே இல்லாதபோது உடையவர் நீரை உண்டாக்கித் தர இயலாது. ஆயினும் கிடைத்த நீரை நடுநிலையோடு பகிர்தல் அவர் கடமை. லாரி நீர் வாங்க நேர்ந்தால், அதன் விலையை யார் யார் எவ்வளவு ஏற்பது என்பதனை முன்னரே பேசி எழுதிக்கொள்ளுதல் நன்று. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பெற்றது. அதனை அமைத்துப் பேணுதல் உடையவர் பொறுப்பு. மாடியில் குப்பை சேராமல் காத்தல் அங்குப் புழங்குவோர் பொறுப்பு. ஒழுகும் குழாயை ஒரு வாசர் மாற்றி நிறுத்தாதவர், பின்னர்த் தொட்டி வற்றிற்று என்று முறையிடும் தகுதியை இழக்கின்றார்.

கழிவு நீரும் மனித உயிரும்

வீட்டுப் பணிகளுள் கண்ணுக்குப் படாதது கழிவு நீர் அகலும் வழி. அஃது அடைபட்டபோதுதான் அதன் அருமை தெரியும். நாற்றம் பொறுக்காமல், எவரையேனும் அழைத்து உடனே தொட்டியினுள் இறங்கச் செய்யும் எண்ணம் உடையவர்க்கும் தோன்றலாம், குடியிருப்பவர்க்கும் தோன்றலாம். இவ்வெண்ணம் கொலைக்கு ஒப்பானது. மூடிய கழிவுத்தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் தங்கியிருக்கும்; மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜன் குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தபோது முகரும் உணர்ச்சியையே மழுங்கச் செய்யும். ஆதலின் இறங்கியவர் இடரை உணருமுன்னரே மயங்கி வீழ்வார். அவரை மீட்க இறங்குபவரும் வீழ்வார்.

பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரைச் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் இறக்கித் தூய்மை செய்வித்தலை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் எனத் தடுத்துள்ளது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தருதல் வேண்டும் என 2014-ஆம் ஆண்டு கூறிய உச்ச நீதிமன்றம், 2023-ஆம் ஆண்டு அதனை 30 லட்சமாக உயர்த்திற்று. எத்தனை லட்சம் தரினும் போன உயிர் மீளாது. ஆகவே உள்ளாட்சி அமைப்புக்கோ, கழிவுநீர் அகற்றும் வாரியத்துக்கோ அறிவித்து, இயந்திர வண்டியை வரவழைத்தலே முறை. அதற்கு ஒரு நாள் தாமதம் ஆகலாம், செலவும் கூடலாம். அத்தாமதத்தைப் பொறுத்தலும் அச்செலவை ஏற்றலும் மனிதரை மனிதராக மதிப்பவர் செய்யத் தக்க செயல்கள். ‘தொட்டி யாருடையது?’ என உடையவரும் குடியிருப்பவரும் வாதிடலாம். ‘அதில் இறங்குபவர் உயிர் யாருடையது?’ என்னும் வினாவில் அவர்களுக்குள் வேறுபாடு இருத்தல் கூடாது.

எழுத்தின் துணை

இவ்வளவு பூசல்களுக்கும் பெருங்காரணம் தொடக்கத்தில் எழுதிக்கொள்ளாமையே. வீடு பார்க்கும் நாளில் வாடகையும் முன்பணமும் மட்டும் பேசப்படுகின்றன. நீரும் மின்சாரமும் பேசப்படுவதில்லை. மின்கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படும், தனி மீட்டர் உண்டா, மோட்டாரை யார் எப்போது இயக்குவது, தொட்டியைத் தூய்மை செய்வது யார், நீர் வாங்க நேரின் செலவு எவ்வாறு பிரியும் என்பனவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். புதிய சட்டமும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என வற்புறுத்துகின்றது. குடி புகும் நாளில் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்து வைத்தலும், ரசீதுகளையும் அறிவிப்புகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்தலும் எளிய செயல்கள். ஐயம் எழும் நாளில் அக்கோப்பு நடுவராக நின்று பேசும்.

முடிவுரை

உடையவர் அனைவரும் செல்வர் அல்லர். ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பால் கட்டிய வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயால் மருந்து வாங்குதலும் உண்டு. குடியிருப்பவர் அனைவரும் ஏமாற்றுவோரும் அல்லர். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, உழைத்து ஈட்டியதில் பெரும்பங்கை வாடகையாகத் தந்து வாழ்பவர் பலர். ஒருவர்க்கு ஒருவர் துணையாகவே இவ்வுறவு அமைந்தது. வாடகை என்பது சுவருக்கும் கூரைக்கும் மட்டும் தரும் விலை அன்று. அச்சுவர்களுக்குள் அமைதியாக வாழ்வதற்குத் தரும் விலை. அவ்வமைதியைக் கெடுக்காதிருத்தல் உடையவரின் அறம். வீட்டைத் தம் வீடு போலப் பேணுதல் குடியிருப்பவரின் அறம்.

குறை நேர்ந்தால் காரணம் காண்க, பொறுப்புடையவர்க்கு அறிவிக்க, அறிவித்ததைக் குறித்து வைக்க, உரியதைச் செலுத்துக, உரிமை மறுக்கப்பட்டால் சட்டத்தின் துணையை நாடுக. குழாயை அடைத்தோ, வாடகையை மறுத்தோ வெற்றி காண முயலுதல் இருவர்க்கும் தீமையே பயக்கும். தம் வீட்டில் விளக்கு எரியும்போது, அதே கூரையின் கீழ் மற்றோர் அறை இருளில் கிடப்பதைப் பொறாத உள்ளம் எவரிடம் உள்ளதோ, அவரே மனையின் உண்மையான உடையவர் ஆவார்.